ஊரி மண்

எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு பேப்பர் மேசை இருக்கிறது. 2025 ஜூன் 10ஆம் திகதி அந்த மேசையில் யாரும் பேப்பர் வாசிக்கவில்லை. விரித்து வைத்த பேப்பருக்கு மேல் ஒரு செங்கல், செங்கல்லில் சாய்த்து என் போன், போனைச் சுற்றிப் பதினைந்து பதினாறு பொடியன்கள். கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இலங்கைக்கும் சீன தைப்பேக்கும் (தாய்வான்) உதைபந்தாட்டம். 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்று. படம் நின்று நின்று வந்தது. ஒரு கோலை நாங்கள் பார்க்கவேயில்லை. சுற்றிக்கொண்டிருந்த வட்டம் மறைந்து படம் வந்தபோது எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். முடிவு 3-1. பொடியன்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய்கூட எழும்பி வந்து எட்டிப் பார்த்தது.

பேப்பருக்காகக் காத்திருந்த பென்சன்கார ஐயா ஒருவர் கேட்டார்: "அப்ப நாங்கள் ஆசியக் கிண்ணத்துக்குப் போறமோ தம்பி?"

நான் கணித வாத்தியார். இப்படி ஒரு கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியாது. சவூதியில் நடக்கிற 2027 கிண்ணத்தில் 24 அணிகள். அதில் 18 அணிகள் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் வழியாகவே உள்ளே போய்விட்டன. மிச்சம் ஆறு இடம். அதற்கு 24 அணிகள் ஆறு குழுவாகப் பிரிந்து அடிபட்டன. குழுவில் முதலாவதாக வருபவருக்கு மட்டும்தான் இடம், இரண்டாவதுக்கு ஒன்றுமில்லை. எங்கள் குழுவில் தாய்லாந்தும் துர்க்மெனிஸ்தானும் நின்றன. மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் 1-0 என்று ஏற்கனவே தோற்றாயிற்று. ஒக்டோபரில் துர்க்மெனிஸ்தானுடன் இரண்டு ஆட்டம் இருந்தது, நவம்பரில் தாய்லாந்து இங்கே வர இருந்தது. இலங்கை இதுவரை ஆசியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றில் ஒருமுறைகூட ஆடியதில்லை.

ஐயா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப கஷ்டம்தான்" என்று செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கஷ்டம்தான். ஆனால் இந்த இடத்துக்கு வந்ததே பெரிய காரியம் என்பது அவருக்குத் தெரியாது. 2023 ஜனவரியில் பிஃபா என்ற உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் கடைசி வரை தேசிய அணி என்ற ஒன்றே களத்தில் இல்லை. தடை நீங்கிய கையோடு ஒக்டோபரில் யேமனுடன் ஆடி உலகக் கிண்ணத் தகுதிகாணிலிருந்து வெளியே வந்தார்கள். தரவரிசையில் 200க்கும் பின்னால். அப்புறம் இந்தத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைய 2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் இரண்டு ஆட்டம்: கொழும்பில் 0-0, நொம்பென்னில் 2-2, கடைசியில் பெனால்ட்டியில் வென்றார்கள். அன்று அந்தப் பெனால்ட்டிகளில் ஒன்று மாறிப் போயிருந்தால் ஜூன் 10ஆம் திகதி ஐயா ஆறுதலாக இருந்து பேப்பர் வாசித்திருப்பார்.

இந்த அணியைப் பற்றிச் சந்தியில் ஒரு முறுமுறுப்பு உண்டு. சைக்கிள் கடை அண்ணை அதை உரக்கவே சொல்லுவார். "உது எங்கட அணியோ? பாதிப் பேர் பிளேனிலை வந்து பிளேனிலை போறவங்கள்." ஒருவகையில் உண்மைதான். லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா, ஜெர்மனிக்காரர் கிளோடியோ கமர்க்னெக்ட், ஸ்வீடனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஆதவன் ராஜமோகன். பிறந்த ஊர் ஒன்று, பந்து பழகிய மைதானம் இன்னொன்று, போடுகிற சட்டை இலங்கையினது. அண்ணையின் கடைக்கு முன்னால் நின்று நான் அவரோடு மல்லுக்கட்டுவதில்லை. அவருடைய மகன் நோர்வேயில் இருக்கிறான். பேரப்பிள்ளை அங்கே ஒரு கழகத்தில் எட்டு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிற வீடியோவை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறவரும் அவரேதான். பச்சைப் பசேலென்ற செயற்கைப் புல், குட்டி வலை, பிள்ளைக்கு அளவான சப்பாத்து. "பாருங்கோ வாத்தியார், என்னமா ஓடுறான்!"

வடக்கிலிருந்து யாரும் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் பின்களத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறோம். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் மைதானத்தில் பந்து எடுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து போகிறவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

பொடியன்களுக்கு ஒரு விஷயம் விளங்குவதேயில்லை. தேசிய அணி என்றால் எங்கள் கழகம் மாதிரி தினமும் பின்னேரம் கூடி ஆடுகிற கூட்டம் என்று நினைக்கிறார்கள். ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு கழகத்தில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். பிஃபா நாட்காட்டியில் குறித்த நாட்களில் மட்டும்தான் கழகம் அவர்களை விட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்டத்தில் ஆடியவன் செவ்வாய்க்கிழமை இன்னொரு கண்டத்தில் நித்திரை வராமல் கிடப்பான். வியாழக்கிழமை ஆட்டம். நடுவில் இருக்கிற இரண்டு பயிற்சியில் பயிற்றுவிப்பாளர் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? மூலை உதைக்கு யார் யார் எங்கே நிற்பது என்று காட்டுவதற்குள் பொழுது போய்விடும்.

அதனால்தான் ஒரு கிண்ணத்துக்கு ஆயத்தமாவது என்றால் முகாம் போட்ட நாட்களை எண்ணுவது என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. 2024 ஜனவரியில் கட்டாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தை எடுங்கள். இந்தியாவின் பயிற்றுவிப்பாளர் முகாமுக்கு நாள் போதாது என்று முறையிட்டார். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னது சரியென்றே படும். ஆனால் அதே கிண்ணத்துக்குக் கட்டார் எப்படி வந்தது? போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது பயிற்றுவிப்பாளரை மாற்றியது. கார்லோஸ் கெய்ரோஸ் போனார், உள்ளூர் லீக்கில் பயிற்றுவித்துக்கொண்டிருந்த மார்க்கேஸ் வந்தார். கலியாணத்துக்கு முதல்நாள் சமையல்காரனை மாற்றிய மாதிரி. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கியது யார்? கட்டார்தான். இறுதி ஆட்டத்தில் ஜோர்தானை 3-1 என்று வென்றார்கள். மூன்று கோலும் அக்ரம் அஃபீஃப் அடித்த பெனால்ட்டி.

தென்கொரியா இன்னொரு கதை. பேருக்கு ஆசியாவின் பெரிய அணி, முகாம், வைத்தியர், சமையல்காரர் எல்லாம் உண்டு. ஜோர்தானுடனான அரையிறுதிக்கு முதல்நாள் இரவு மேசைப்பந்து விளையாடப் போன இடத்தில் அணிக்குள்ளேயே இழுபறி. தலைவர் சொன் ஹியூங் மின்னுக்கு விரல் விலகியது. அடுத்த நாள் 2-0 தோல்வி. இதை வகுப்பில் சொன்னேன். பின்வாங்கில் ஒருவன், "அப்ப சேர், எங்கட ரீமும் கொரியா ரீம் மாதிரித்தான்" என்றான்.

கட்டாரின் ஆயத்தம் அந்த ஒரு மாதத்தில் நடந்ததில்லை. 2004இல் டோஹாவில் அஸ்பையர் என்று ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கினார்கள். 2019இலும் கிண்ணம் வென்ற அணியில் பலர் அங்கே சின்னப் பிள்ளைகளாக எடுத்து வளர்த்த ஆட்கள்தான். அவர்களுக்கு ஒரே பாடசாலை, ஒரே மைதானம், ஒரே பழக்கம். பயிற்றுவிப்பாளர் யாராக இருந்தாலும் பந்து யாரிடம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். காசு இருந்தால் எல்லாம் செய்யலாம் என்பீர்கள். சரி, காசு இல்லாதவர்களைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

2007. எனக்குப் பதினாறு வயது. யுத்த காலம். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடி ஒரு வருடமாகப் போகிறது. சாமான்கள் கப்பலில் வந்தன, சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, இரவானால் ஊரடங்கு. ஜூலை 29 ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம், ஈராக்கும் சவூதியும். எங்கள் வீட்டில் டிவி பழுது. ஒழுங்கை முடக்கில் இருந்த மாமா வீட்டுக்குப் போனேன். ஆட்டம் முடிந்து ஊரடங்கில் திரும்பி வர முடியாது, அங்கேயே படுப்பதென்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, போர்வையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். மாமி டிவிச் சத்தத்தை ஒன்றில் வைத்து, ஜன்னலுக்குச் சீலை கட்டியிருந்தா. வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது.

ஈராக் அணி சொந்த ஊரில் கூடிப் பயிற்சி எடுக்க வழியில்லாமல் ஜோர்தானில் ஆயத்தமானது. ஜோர்வான் வியேரா என்ற பிரேசில்காரருக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு மாதம். அரையிறுதியில் தென்கொரியாவை அவர்கள் பெனால்ட்டியில் வென்ற அன்று, பக்தாத்தில் தெருவுக்கு வந்து கொண்டாடிய சனத்துக்கு நடுவில் குண்டு வெடித்து ஐம்பது பேரளவில் செத்துப்போனார்கள். நாலு நாள் கழித்து இறுதி ஆட்டம். ஹவார் முல்லா முகமது மூலையிலிருந்து அடித்த பந்துக்கு யூனிஸ் மஹ்மூத் தலையைக் கொடுத்தார். 1-0. மாமா எழும்பிக் கத்தப் போனவர், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வாயைப் பொத்திக்கொண்டு துள்ளுகிற ஒரு மனிதரை அதற்கு முதல் நான் கண்டதில்லை.

ஆனால் எனக்கு அன்றைக்கு வீரன் யூனிஸ் இல்லை. கோல் காப்பாளர் நூர் சப்ரி. அரையிறுதியில் ஒரு பெனால்ட்டியை அவர் பாய்ந்து தடுத்ததை நான் பார்க்கவில்லை, செய்தியில் ஒரு துண்டு காட்டினார்கள், அவ்வளவுதான். நானும் கோல் காப்பாளன். எங்கள் ஊர் மைதானத்தில்.

பதினேழு வருடம் கழித்து அதே மாதிரி இன்னோர் அணியைப் பார்த்தேன். பலஸ்தீனம். 2023 ஒக்டோபருக்குப் பிறகு அவர்களுடைய லீக் நின்றுபோனது. அவுஸ்திரேலியாவுடன் ஆட வேண்டிய சொந்த மண் ஆட்டத்தைக் குவைத்தில் ஆடினார்கள். ஆசியக் கிண்ணத்துக்கு அல்ஜீரியாவில் முகாம் போட்டு ஆயத்தமானார்கள். காசாவில் வீட்டாரின் நிலை தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டே பயிற்சிக்குப் போன பிள்ளைகள். முதல் ஆட்டத்தில் ஈரானிடம் 4-1. எல்லாரும் முடிந்தது என்றார்கள். எமிரேட்ஸுடன் 1-1, ஹொங்கொங்கை 3-0. முதல்முறையாக அடுத்த சுற்றுக்குப் போய், அங்கே கட்டாரிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமாவின் ஞாபகம் வந்தது. அவர் 2016இல் தவறிவிட்டார். இருந்திருந்தால் இந்த முறை சத்தத்தை முழுதாக வைத்துப் பார்த்திருப்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் மைதானம் கடற்கரைப் பக்கம். மண் என்று சொல்கிறோமே தவிர, அது மண் இல்லை, ஊரி. சின்னச் சின்னச் சிப்பி உடைந்து கலந்த தரை. பந்து விழுந்தால் நெஞ்சு உயரத்துக்கு எழும்பும். பாய்ந்து விழுந்தால் இடுப்பெலும்புக்கு மேலே தோல் வழன்றுவிடும். இரவு கிணற்றடியில் தண்ணீர் வார்க்கும்போதுதான் எரிவு தெரியும். களிசானுக்கு உள்ளே இன்னொரு களிசான், இடையில் பழைய மெத்தையின் ஸ்பொஞ்சை வெட்டி வைத்துத் தைத்திருந்தேன். இரண்டு ஆட்டத்தில் அதுவும் கிழிந்தது. அதனால் பாயாமல் பிடிக்கப் பழகினேன். முன்கூட்டியே இடம் பார்த்து நிற்பது, கால் வேகத்தில் பந்துக்கு நேரே போவது, முடியாவிட்டால் காலால் தட்டுவது. ஊரில் என்னை நல்ல காப்பாளன் என்றுதான் சொன்னார்கள்.

2011இல் கொழும்பில் வீரர்களுக்கு ஒரு தெரிவு. வியாழக்கிழமை பின்னேரம் போன் வந்தது, சனிக்கிழமை விடிய ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். யார் நடத்தினார்கள் என்பது இப்போது தேவையில்லை. கூட்டாளியின் சப்பாத்தை இரவல் வாங்கினேன், ஒரு அளவு பெரிது, முன்னால் பஞ்சு அடைத்தேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பையைத் திறந்து பார்த்தார்கள். கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சிப்பாய் ஒருவன் அதைத் தன் கையில் போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தந்தான். அவனும் காப்பாளனோ என்னவோ.

மைதானத்தில் கால் வைத்ததும் எனக்கு முதலில் பிடிபட்டது மணம். வெட்டிய புல்லின் மணம். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. பதினொரு காப்பாளர்கள் நின்றோம், ஆளுக்கு ஐந்தாறு நிமிடம். முதல் பந்து தாழ்வாக வந்தது. எங்கள் ஊர் என்றால் அது குத்தி எழும்பியிருக்கும், நான் நெஞ்சுக்கு எடுத்திருப்பேன். ஈரப் புல்லில் அது குத்தவேயில்லை. வழுக்கிக்கொண்டு வந்து என் கையடியால் உள்ளே போனது. இரண்டாவது இடதுபக்கம். மற்றவர்கள் எல்லாம் நீச்சல் குளத்தில் குதிப்பது மாதிரிப் பாய்ந்தார்கள். நான் ஓடினேன். உடம்பு பாய மறுத்தது. விழுந்தால் நோகாது என்று தலைக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியவில்லை.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். 'பய' என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அது இரண்டு பாஷையிலும் ஒன்றுதானே. பிறகு அழைப்பதாகச் சொன்னார்கள். பழைய போன் நம்பரைக் கனகாலம் மாற்றாமல் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அவர் கண்டதைத்தான் அவர் எழுதினார். இரண்டு மாத முகாம் தந்திருந்தாலும் என் இடுப்பு மாறியிருக்குமா என்பது சந்தேகம். பத்து வயதில் ஒரு பிடி புல் கிடைத்திருந்தால் மாறியிருக்கும். ஸ்வீடனில், ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகள் தேசிய அணிக்கு வரும்போது அவர்கள் கொண்டு வருவது அதைத்தான். இரண்டு பயிற்சிதான் கிடைத்தாலும் மிச்ச ஆயத்தத்தை அந்த ஊர் மைதானங்கள் செய்து அனுப்பிவிடுகின்றன. சைக்கிள் கடை அண்ணைக்கு இதை எப்போதாவது சொல்ல வேண்டும், அவருடைய பேரனையே உதாரணம் காட்டி.

எங்கள் அணியில் இப்போது பதின்மூன்று வயதில் ஒரு காப்பாளன் இருக்கிறான். கை நீளம், பயமில்லை, ரியூஷனுக்குப் போகும் நேரத்துக்கு மட்டும் வயிற்றுக்குத்து வரும். போன மாதம் அவன் இடதுபக்கம் வந்த பந்துக்கு ஓடினான். பாயவில்லை. ஓடிக் காலால் தட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

அன்றிரவே கழகக் கூட்டத்தில் கோலடிக்கு மணல் போடுகிற கதையை எடுத்தேன். செயலாளருக்குச் சீருடைதான் முக்கியம், போன வருடத்துச் சட்டையில் நம்பர் உரிந்துவிட்டதாம். வாக்குவாதம் பத்து மணி வரை போனது. கடைசியில் பாதிக் காசைக் கழகமும், மிச்சத்தை நானும், நோர்வேயிலிருந்து சைக்கிள் கடை அண்ணையின் மகனும் போடுவதென்று முடிவு. மணல் ஏற்ற அனுமதிப் பத்திரம் உள்ள ஆளாகப் பார்த்துப் பிடிக்க மூன்று கிழமை போனது. அதற்குள் பொடியன்கள் இரண்டு கோலடியையும் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, அரிதட்டில் ஊரியை அரித்துக் கரையில் குவித்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் 24 அடி. முன்னால் பத்தடி. ஒரு ட்ரக்டர் மணல் ஒரு கோலடிக்குத்தான் காணும் என்று என் கணக்கு சொன்னது. கணக்கு சரி. மற்றக் கோலடி இன்னமும் குழியாகவே கிடக்கிறது, மழைக்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் முதல்முறை. அவனைக் கோலடியில் நிறுத்தி, ஆறடி தள்ளி நின்று, பந்தைக் கையால்தான் எறிந்தேன், இடதுபக்கம் தாழ்வாக. ஓடினான். மறுபடி எறிந்தேன். ஓடினான். "தம்பி, காலை மறந்திடு. விழு" என்றேன். மூன்றாவதுக்கு அரைகுறையாகச் சரிந்தான். நாலாவதோ ஐந்தாவதோ தெரியாது, உடம்பு முழுதாக நிலத்தை விட்டு எழும்பி, பந்தோடு சேர்ந்து மணலில் விழுந்தான். கொஞ்ச நேரம் எழும்பவில்லை. நான் பயந்து கிட்டப் போனேன். அவன் களிசானை இறக்கி இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லை. வாய்க்குள் போன மணலைத் துப்பினான்.

"சேர், இன்னொருக்கா எறியுங்கோ. இந்த முறை மற்றப் பக்கம்."